துப்பாக்கிக்கு வால் முளைத்த கதை

இந்த முறை வந்த கடிதக் கட்டில் துப்பாக்கி வாசனை தூக்கலாக இருந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கின் கைங்கரியம். மற்ற கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுத்திருக்கட்டும்.

துப்பாக்கிச் சுடும் வீராங்கனை மனு பாக்கரைப் பார்த்துவிட்டு என் பதின்மூன்று வயது மகள் ஏர் பிஸ்டல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். “பெண் பிள்ளை கையில் துப்பாக்கியா?” என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாத்தனார் குத்திக்காட்டுகிறார். நான் செய்தது தவறா?
– ஒரு வாசகி, ஈரோடு

நாத்தனாரை ஒரு நாள் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். அரை மணி நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார். பார்ப்பவர்களுக்கு அத்தனை சலிப்பூட்டும் விளையாட்டு அது. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒருவர் மணிக்கணக்கில் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மறு கையை நீட்டியபடி நிற்பார்.

நானும் ஆறு வருடம் ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில் அப்படி நின்றவன். எங்கள் பயிற்சியாளர் முதல் மூன்று வாரங்கள் குண்டையே கண்ணில் காட்டவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி வெறும் துப்பாக்கியின் விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். குழல் முனையில் இருக்கும் குறி ஒரு மயிரிழை கூட ஆடக் கூடாது. மூச்சு சீராக இல்லையா, மனம் எங்கோ போய்விட்டதா, சுடாதே, கையை இறக்கு என்பார். நன்றாகச் சுட்டதற்கு அவர் என்னைப் பாராட்டியதாக நினைவில்லை. கையை இறக்கியதற்கு இரண்டு முறை பாராட்டியிருக்கிறார்.

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அதற்காகப் பொம்மை என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஈயக் குண்டு கண்ணைப் பறித்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பூட்டி வையுங்கள். நாத்தனாரோடு அவர் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா? பாரிஸில் மனு நான்காவதாக வந்தாரே, அந்த 25 மீட்டர் போட்டியில் சுடுவது நிஜத் தோட்டா. அதற்கு உரிமம் வேண்டும். அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

பிரிட்டனில் கைத்துப்பாக்கி விளையாட்டையே ஒழித்துவிட்டார்களாமே! ஒரு வெறியன் செய்த குற்றத்துக்கு, ஒழுங்காக உரிமம் வாங்கி விளையாடியவர்களைத் தண்டிப்பது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

இதே கேள்வியைக் கழகத்துத் தேநீர் மேசையில் உரக்கக் கேட்டவன்தான் நானும். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

1996 மார்ச் 13, புதன்கிழமை காலை. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சிற்றூரின் ஆரம்பப் பள்ளி. உடற்பயிற்சிக் கூடத்தில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள். உள்ளே நுழைந்தவனிடம் நான்கு கைத்துப்பாக்கிகளும் 743 தோட்டாக்களும் இருந்தன. 16 குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் பெயரை நான் எழுதுவதில்லை. பின்னாளில் டென்னிஸில் புகழ்பெற்ற ஆண்டி மர்ரி அன்று அதே பள்ளியில் எட்டு வயது மாணவர்.

அந்த நான்கு துப்பாக்கிகளும் கள்ளத் துப்பாக்கிகள் அல்ல. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரன் என்ற பெயரில் முறையாக உரிமம் பெற்று வைத்திருந்தவை.

பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் அவர்களுடைய நண்பர்களும் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். அந்த மார்ச் மாதத்தில் பூத்திருந்த ‘ஸ்னோடிராப்’ என்ற சின்ன வெள்ளைப் பூவின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். விசாரணை நடத்திய நீதிபதி கல்லன் பிரபு நேராகத் தடைக்குப் போகவில்லை. துப்பாக்கியின் முக்கியமான பாகத்தைக் கழற்றிக் கழகத்தில் வைத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்பது போன்ற வழிகளைத்தான் முதலில் சொன்னார். அது சரிவராவிட்டால் தடை. அரசு பொறுக்கவில்லை. 1997-ல் குழல் விட்டம் பாயின்ட் 22 அங்குலத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைப் பிரதமர் ஜான் மேஜரின் அரசு தடை செய்தது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த டோனி பிளேரின் அரசு மிச்சமிருந்த பாயின்ட் 22-ஐயும் சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. இழப்பீடு கொடுத்துத்தான் வாங்கினார்கள்; ஆகவே ‘தண்டனை’ என்ற சொல் கொஞ்சம் அதிகம். ஆனாலும் இழப்பு இழப்புதான். அந்த நாட்டுப் பிஸ்டல் வீரர்கள் ஸ்விட்சர்லாந்து போன்ற இடங்களுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று. 2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்காக அரசே தனி அனுமதி கொடுத்துச் சுடவிட்டது. வட அயர்லாந்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். குழல் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ தடை என்கிறது சட்டம். விளையாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குழலை நீட்டினார்கள். கைப்பிடியின் பின்னால், முழங்கையை நோக்கி ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தி 60 சென்டிமீட்டர் கணக்கையும் நேர்செய்தார்கள். படத்தில் பார்த்தால் ரிவால்வருக்கு வால் முளைத்ததுபோல் இருக்கும். சட்டப்படி செல்லும், கோட்டுக்குள் ஒளிக்கத்தான் முடியாது. சட்டம் கேட்டதும் அதைத்தானே!

என் கோபம் ஆறியதற்குக் காரணம் வேறு. கல்லன் விசாரணையில் ஒரு பழைய குறிப்பு வெளிவந்தது. 1991-லேயே ஒரு காவல்துறை அதிகாரி, இந்த ஆள் நம்பத்தக்கவன் அல்ல, உரிமத்தை ரத்துசெய்வதைப் பற்றி யோசியுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். மேலிடம் ஏற்கவில்லை. குற்றம் எதிலும் தண்டிக்கப்படாதவன், மறுக்கச் சட்டத்தில் பிடி இல்லை என்பது அலுவலகக் கணக்கு. நாங்கள் தேநீர் மேசையில் “உரிமம் பெற்றவர்கள்” என்று பெருமையாகச் சொன்னோமே, அந்தத் தாள் எவ்வளவு மெலிசு என்று அன்று தெரிந்தது. என்னைக் கேட்டால் கல்லன் சொன்ன முதல் வழியைச் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்பேன். ஆனால் அந்த ஊரில் போய் நின்று அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

சட்டத்தை மதிப்பவன் ஒப்படைப்பான், திருடன் ஒப்படைப்பானா? தடையால் யாருக்கு லாபம்?
– ஒரு வாசகர், சேலம்

திருடன் ஒப்படைக்க மாட்டான். தடைக்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கிலாந்தில் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் கூடத்தான் செய்தன. குறையத் தொடங்கப் பல ஆண்டுகள் பிடித்தது. இதைத் தடையின் ஆதரவாளர்கள் மென்று விழுங்குவார்கள். ஆனால் டன்பிளேன் கொலைகாரன் திருடன் இல்லையே, ஐயா. 2021-ல் பிளிமத் நகரில் ஐந்து பேரைக் கொன்றவனும் உரிமக்காரன்தான். அடிதடி ஒன்றுக்காகக் காவல்துறை அவனிடமிருந்து வாங்கி வைத்த வேட்டைத் துப்பாக்கியை, சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் திருப்பிக் கொடுத்திருந்தது. ஆனால் பள்ளிக்குள் டன்பிளேன் போல ஒன்று தடைக்குப் பிறகு அங்கே நடக்கவில்லை.

அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது நாம் கொள்ளையனையும் பள்ளிக்கூடத்தையுமே நினைக்கிறோம். அங்கே 2022-ல் துப்பாக்கியால் இறந்த 48,000-த்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

நீங்கள் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வீர்களா?
– ஒரு வாசகி, மதுரை

என் மாமனார் வைத்திருந்தார். மலைத்தோட்டம் ஒன்றில் மேலாளர். சம்பளப் பணத்தை ஜீப்பில் கொண்டுவர வேண்டியிருந்ததால் வாங்கிய பழைய வெப்ளி ரிவால்வர். பீரோவில் வேட்டி அடுக்குக்கு அடியில் இருக்கும். ஓய்வுபெற்ற பிறகும் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். தேர்தல் அறிவித்தால் உரிமக்காரர்கள் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தேர்தலுக்கும் அதை மஞ்சள் பையில் போட்டு, மேலே ஒரு துண்டை வைத்து, பக்கத்துத் தெருவுக்குக் கறிகாய் வாங்கப் போவதுபோல் போய்விட்டு ரசீதோடு வருவார்.

மாமியார் காலமாகி நாற்பது நாள் இருக்கும். ஒரு காலையில், “மாப்பிள்ளை, ஸ்கூட்டரை எடுங்கள்” என்றார். மடியில் மஞ்சள் பை. எங்கே என்று நான் கேட்கவில்லை. காவல்நிலையத்தில் எழுத்தர் பையைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்போது தேர்தல் ஒன்றும் இல்லையே, ஐயா?”

“இல்லைதான்” என்றார் மாமா. “நீங்கள் ரசீது போடுங்கள்.”