நீக்கிய பதிவு எங்கே போகிறது? இணைய மன்ற மட்டுறுத்துநரிடம் (மாடரேட்டர்) சில கேள்விகள்

என் பதிவைக் காணோம். அடியோடு அழித்துவிட்டீர்களா?

பெரும்பாலும் இல்லை. வழக்கமாக நாங்கள் செய்வது மறைப்பதுதான். வாசகர்களுக்குத் தெரியாது. எங்களுக்கு மட்டும் யார் நீக்கினார், எப்போது, எதற்கு என்ற குறிப்போடு தெரியும். தவறாக நீக்கியிருந்தால் ஒரு சொடுக்கில் திரும்ப வந்துவிடும். எரிதங்களைத்தான் (ஸ்பேம்) யோசிக்காமல் துடைத்தெறிவோம். ஒருவருடைய தொலைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ வெளியாகிவிட்டால் வெறுமனே மறைத்தால் போதாது. விக்கிப்பீடியாவில் நீக்கிய கட்டுரையை நிர்வாகிகள் படிக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட விவரங்களை நிர்வாகிகள்கூடப் பார்க்க முடியாதபடி மறைக்க, தனி உரிமை பெற்ற சிலர் இருக்கிறார்கள்.

ரெட்டிட் விவாதத் தளத்தில் சில இடங்களில் 'டெலீட்டட்', சில இடங்களில் 'ரிமூவ்டு' என்று இருக்கிறதே?

முதலாவது எழுதியவரே எடுத்தது. இரண்டாவது அவர் எடுத்ததல்ல, எடுக்கப்பட்டது.

நான் மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். அதை ஏன் தூக்கினீர்கள்?

அடிக்கடி வரும் புகார், நியாயமானதும்கூட. வசைப் பதிவு ஒன்றை நீக்குகிறோம். அதற்குள் நாலு பேர் அதை அப்படியே மேற்கோள் காட்டிப் பதில் எழுதியிருப்பார்கள். மூலத்தை எடுத்துவிட்டு மேற்கோளை விட்டால், வசை அங்கேயேதான் இருக்கும். மேற்கோளை மட்டும் வெட்டிவிட்டு உங்கள் வரிகளை வைத்திருக்கலாம்தான். ஆனால் அப்புறம் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்றே புரியாது. அதனால்தான் இழையின் (ஒரு தலைப்பில் தொடரும் உரையாடலின்) அந்தப் பகுதியையே எடுக்கிறோம். அப்படி எடுக்கும்போது 'இது உங்கள் தவறு அல்ல' என்று ஒரு வரி தனிமடல் போடாதது எங்கள் பிழை. நானே பல தடவை விட்டிருக்கிறேன்.

சண்டையை அவர்தான் ஆரம்பித்தார். எச்சரிக்கை எனக்கு மட்டுமா?

அவருக்கும் போயிருக்கலாம். எச்சரிக்கை தனிமடலில் போவதால் உங்களுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டோம், உங்களுக்கு வந்ததை அவரிடம் சொல்லாத மாதிரியே.

எச்சரிக்கைப் புள்ளிகள் என்றைக்கும் நிற்குமா?

சென்ஃபோரோ போன்ற மன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் புள்ளியும் காலாவதித் தேதியும் வைக்கலாம். புள்ளிகள் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டினால் தற்காலிகத் தடை தானாகவே விழும். கெடு முடிந்தால் புள்ளி கழியும், ஆனால் குறிப்பு கோப்பில் இருக்கும். அடுத்த முறை முடிவெடுப்பவர் அதைப் படிக்கத்தான் செய்வார்.

காரணமே சொல்லாமல் நீக்கினால்?

தனிமடலில் கேளுங்கள். புது இழை திறந்து கேட்டால் அதுவும் போகும். நீக்கியவரே முறையீட்டையும் விசாரிப்பது எனக்கு உடன்பாடில்லை, வேறொருவர் பார்க்க வேண்டும். காரணம் சொல்வது சில இடங்களில் சட்டமே: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடப்பில் உள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, பதிவை நீக்கும் தளம் எழுதியவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். 'விதிமீறல்' என்ற ஒற்றைச் சொல்லை நான் காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. எந்த விதி, எந்த வரி என்று கேளுங்கள்.