பேப்பர் தலைப்பை மட்டும் படிச்சா போதுமா?

"தலைப்பைப் படிச்சாலே மேட்டர் புரிஞ்சிடுது, உள்ள எதுக்கு படிக்கணும்?"னு கேட்டிருக்கீங்க. புரிஞ்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

செய்தி அனுப்புற நிருபர் வேற, தலைப்பு வைக்கிறவர் பெரும்பாலும் வேற. ஆபீஸ்ல இருக்குற சப் எடிட்டருக்கு கெடைக்கிறது ரெண்டு காலமோ மூணு காலமோ (காலம்னா பக்கத்துல மேலிருந்து கீழ ஓடுற பத்தி) எடம், அதுக்குள்ள நாலஞ்சு வார்த்தைல முடிக்கணும், அப்போ எதையாவது வெட்டித்தான் ஆகணும், பல நேரம் வெட்டுப்படுறது "யாரு செஞ்சா"ங்குறதுதான். "கலவரத்தில் 3 பேர் பலி"னு ஒரு பேப்பர் போடும், அதே செய்திய "போலீஸ் சுட்டு 3 பேர் பலி"னு இன்னொண்ணு போடும். ரெண்டுலயும் பொய் இல்ல. ஆனா மொதல்ல சொன்னதைப் படிச்சவன் கூட்டத்து மேல கோவப்படுவான், ரெண்டாவதைப் படிச்சவன் போலீஸ் மேல கோவப்படுவான். நான் தலைப்பைப் பாத்ததும் தேடுறது இந்த விட்டுப்போன ஆளைத்தான்.

அதுக்காக தலைப்பே ஏமாத்துன்னு சொல்லல. 1942ல மதுரையில சி.பா.ஆதித்தனார் தினத்தந்திய ஆரம்பிச்சப்போ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களுக்கும் புரியணும்னு பேச்சுக்குப் பக்கத்துல இருக்குற தமிழ்ல எழுத வெச்சாரு, டீக்கடையில ஒருத்தர் சத்தமா படிக்க சுத்தி இருக்குறவங்க கேட்டுக்கிட்ட காலம் அது, அங்க தலைப்பு காதுக்கும் புரியணும். "ஓட ஓட விரட்டி"னு போடுறதை இன்னிக்கு மீம் போட்டு கிண்டல் பண்றோம், ஆனா அந்த பாணிதான் நெறைய பேரை பேப்பர் கையில எடுக்க வெச்சுது.

அவசரம் இன்னொரு பிரச்சனை. 1948 அமெரிக்க அதிபர் தேர்தல்ல, அப்போ அதிபரா இருந்த ட்ரூமனை எதிர்த்து நின்ன டூயி தோக்கடிச்சிட்டாருன்னு சிகாகோ ட்ரிப்யூன் பேப்பர் கொட்டை எழுத்துல போட்டுச்சு. அச்சுக் கோக்கிறவங்க ஸ்ட்ரைக், அதனால வழக்கத்தைவிட சீக்கிரமே பேப்பரை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நெலம, ஓட்டு எண்ணி முடிக்கல, கருத்துக்கணிப்பும் டூயிதான்னு சொல்லிட்டு இருந்துச்சு. கடைசில ஜெயிச்சது ட்ரூமன், அந்த பேப்பரை கையில தூக்கிப் பிடிச்சு அவர் சிரிக்கிற போட்டோ இன்னும் சுத்திட்டு இருக்கு. இத்தனைக்கும் அது சின்ன பேப்பர் ஒண்ணும் இல்ல.

"கைது"னு இருந்தா குத்தம் நிரூபணம் ஆச்சுன்னு அர்த்தம் இல்ல, போலீஸ் புடிச்சிருக்கு, அவ்ளோதான். பல வருஷம் கழிச்சு அதே ஆள் விடுதலை ஆனா அது உள் பக்கத்துல ஒத்தக் காலத்துல வரும், வந்தா. தலைப்புல கேள்விக்குறி இருந்தா "இல்ல"ன்னு பதில் வெச்சுக்கலாம்னு இயன் பெட்டரிட்ஜ்னு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகைக்காரர் 2009ல எழுதினாரு, "கூட்டணி உடைகிறதா?" டைப் தலைப்புகளுக்கு ஓரளவு செட் ஆகும், எல்லாத்துக்கும் ஆகாது. உறுதியா தெரிஞ்சிருந்தா "உடைந்தது"ன்னே போட்டிருப்பாங்களே.

டைம் இல்லன்னா தலைப்போட மொத பாராவையும் படிங்க, யாரு எங்க எப்பன்னு பாதிக்கு மேல அதுல வந்துடும். முடிஞ்சா லைப்ரரி போயி ஒரே நாள் பேப்பர் நாலைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வெச்சு பாருங்க, ஒருத்தருக்கு எட்டு காலம் ஓடுன செய்தி இன்னொருத்தருக்கு ஏழாம் பக்கம் மூலையில கெடக்கும்.