போலந்தில் கத்தோலிக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது எப்படி?

கிராகோவில் வேலை பார்த்த காலத்தில் இதே கேள்வியை அங்குள்ள நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் வந்த பதில் ஒரு வருடம்: 966. மன்னர் மியேஷ்கோ திருமுழுக்குப் பெற்ற வருடம். அதெல்லாம் சரிதான், ஆனால் அதை வைத்து எதையும் விளக்க முடியாது.

மியேஷ்கோ கிறிஸ்தவரானது செக் இளவரசி டோப்ராவாவை மணந்ததால். பெண் கொடுத்த அந்த செக் நாடுதான் இன்று ஐரோப்பாவிலேயே மதப்பற்று மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று! 1620-இல் வெள்ளை மலைப் போரில் செக் பிரபுக்கள் தோற்றதும் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசர்கள் கத்தோலிக்கத்தை அங்கே திணித்தார்கள். அது ஆள வந்தவனின் மதமாகிப் போனது. போலந்தில் நடந்தது நேர்மாறு. ஆள வந்தவன் வேறு மதம், ஆளப்பட்டவன் கத்தோலிக்கன். என் பதிலின் சாரம் இவ்வளவுதான்.

16-ஆம் நூற்றாண்டில் போய்ப் பார்த்திருந்தால் போலந்தை யாரும் கத்தோலிக்கக் கோட்டை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பிரபுக்களில் கணிசமானவர்கள் கால்வினிஸ்டுகள், அதாவது புராட்டஸ்டண்டுகள். கிழக்கே ஆர்த்தடாக்ஸ் மக்கள், ஊருக்கு ஊர் யூதர்கள். மதத்துக்காகச் சண்டையிட மாட்டோம் என்று 1573-இல் வார்சாவில் பிரபுக்கள் கூடி உடன்படிக்கையே செய்துகொண்டார்கள். பிறகு 1655-இல் லூத்தரன் (அதுவும் புராட்டஸ்டண்ட் பிரிவுதான்) நாடான ஸ்வீடனின் படை நாட்டுக்குள் புகுந்தது. செஸ்டோஹோவாவில், கறுப்பு மாதா படம் இருக்கும் யாஸ்னா கூரா மடத்தை அவர்களால் பிடிக்க முடியவில்லை. போர்க்கணக்கில் அது சின்ன விஷயம். ஆனால் அடுத்த வருடமே மன்னர் யான் காசிமிர் மாதாவை நாட்டின் அரசியாக ஏற்று வாக்குக் கொடுத்தார். மதமும் நாடும் ஒட்ட ஆரம்பித்தது அங்கேதான்.

அந்த ஒட்டுக்கு இரும்புப்பூண் போட்டது பிரிவினை. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையாக ரஷ்யா, பிரஷ்யா (ஜெர்மானிய அரசு), ஆஸ்திரியா மூன்றும் பங்காளிகள் வயலைக் கூறு போடுவதுபோல் போலந்தைப் பிரித்துக்கொண்டன. 123 வருடம் வரைபடத்தில் அப்படி ஒரு நாடே கிடையாது. மன்னர் இல்லை, படை இல்லை, நாடாளுமன்றம் இல்லை. மூன்று பகுதியிலும் மிஞ்சிய பொது அமைப்பு திருச்சபை ஒன்றுதான். ஆஸ்திரியா கத்தோலிக்க நாடு என்பதால் அந்தப் பக்கம் உரசல் குறைவு. மற்ற இரண்டிலும் ஆட்சியாளர் புராட்டஸ்டண்ட் அல்லது ஆர்த்தடாக்ஸ். தன் மொழியில் ஜெபம் சொல்வதே எதிர்ப்பாகிவிட்டது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பிரஷ்யாவின் பிடியில் இருந்த வ்ஷெஷ்னியா என்ற சின்ன ஊரில், மறைக்கல்வி வகுப்பையும் ஜெர்மனில் நடத்த உத்தரவு வந்தது. 1901 மே மாதம், ஜெர்மனில் பதில் சொல்ல மறுத்த பிள்ளைகளை வகுப்பு முடிந்தும் நிறுத்திவைத்துப் பிரம்பால் அடித்தார்கள். அலறல் கேட்டுப் பெற்றோர் பள்ளி வாசலில் திரண்டார்கள். அடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெற்றோருக்குத்தான் சிறை. அந்தப் பிள்ளைகளுக்குக் கடவுள் வேறு, நாடு வேறு என்று எப்படித் தோன்றும்?

இதில் வேடிக்கை, ரோமாபுரி இவர்களுக்கு எப்போதும் துணை நின்றுவிடவில்லை. ரஷ்ய ஜாருக்கு எதிரான எழுச்சியைக் கண்டித்து, ஆள்பவருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று 1832-இல் எழுதினார் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி. ஆகவே இந்தப் பக்தியை வத்திக்கான் கணக்கில் எழுதிவிட முடியாது.

பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. 1931 கணக்கெடுப்பில்கூட ரோமன் கத்தோலிக்கர் சுமார் 65 சதவீதம்தான். யூதர்கள் மட்டுமே பத்தில் ஒருவர். நாஜிகள் போலந்து யூதர்களில் சுமார் 30 லட்சம் பேரைக் கொன்றார்கள். போருக்குப் பின் எல்லைகள் மேற்கே நகர்ந்தன. உக்ரேனியர், பெலாரூசியர் வாழ்ந்த பெரும் பரப்பு சோவியத்துக்குப் போனது, ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். 'நூற்றுக்கு நூறு கத்தோலிக்க நாடு' என்ற தோற்றம் அதன் பிறகு வந்தது. வேரின் ஆழத்தைப் பேசும்போது இந்தப் படுகொலையைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கட்சி.

கம்யூனிஸ்ட் ஆட்சி தெரியாமலே மீதி வேலையைச் செய்து முடித்தது. போலந்து திருச்சபையின் தலைவர் கர்தினால் விஷின்ஸ்கியை 1953 முதல் மூன்று வருடம் காவலில் வைத்தார்கள். அவர் திரும்பி வந்து, 1966-இல் வரும் திருமுழுக்கின் ஆயிரமாவது ஆண்டுக்காக மாதா படத்தின் நகலைப் பங்கு பங்காக ஊர்வலம் அனுப்பினார். அந்த 1966-இலேயே போலீஸ் படத்தைப் பிடித்து யாஸ்னா கூராவில் அடைத்தது. திருச்சபை என்ன செய்தது தெரியுமா? படமில்லாத வெறும் சட்டகத்தையும் ஒரு மெழுகுவர்த்தியையும் ஊர் ஊராக அனுப்பியது! 1972 வரை ஜனங்கள் அந்தக் காலிச் சட்டகத்தின் முன் மண்டியிட்டார்கள். படம் ஏன் இல்லை என்று யாரும் பிரசங்கம் செய்யத் தேவைப்படவில்லை.

கோவிலே இல்லாத சோஷலிச நகரமாகத் திட்டமிட்ட நோவா ஹூத்தாவில் ஒரு சிலுவையை அகற்றப் போய் 1960-இல் கலவரமே வந்தது. 1977-இல் அங்கே கோவிலை அர்ச்சித்தவர் கிராகோவ் பேராயர் கரோல் வொய்த்திவா. அடுத்த வருடம் அவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 1980-இல் கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது வாசல் கம்பியில் அவர் படம் தொங்கியது.

1989-க்குப் பிறகு எதிரில் நிற்க அந்நிய ஆட்சி எதுவும் இல்லை. திருச்சபையே அதிகாரத்தின் பக்கம் போய் உட்கார்ந்தது: பள்ளிகளில் மதவகுப்பு, கருக்கலைப்புச் சட்டத்தில் கறார், போதாக்குறைக்குப் பாதிரியார்களின் பாலியல் குற்றங்களை மூடி மறைத்த விவகாரம். 2020-இல் கருக்கலைப்புத் தீர்ப்புக்கு எதிராகத் தெருவுக்கு வந்த கூட்டம், சில இடங்களில் கோவில் வாசலுக்கே போய்க் கோஷம் போட்டது. 2011 கணக்கெடுப்பில் ரோமன் கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் சுமார் 88 சதவீதம், 2021-இல் 71.