தட்டுத்தடுமாறி ஜெயித்த அணி – கடிதம்

அன்புள்ள சார்,

என் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவனால்தான் எனக்கும் அமெரிக்கன் ஃபுட்பால், அதாவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்தக் காலேஜ் ஆட்டத்தின் பைத்தியம் பிடித்தது. போன சனிக்கிழமை அவன் காலேஜ் அணி, யாரும் ஒரு பொருட்டாக நினைக்காத ஒரு சின்ன அணியிடம் 27-24 என்று மூன்றே புள்ளியில் தப்பித்தது. நம் பையன்கள் நான்கு தடவை பந்தை எதிரணியிடம் கோட்டை விட்டார்கள். ஆனால் பந்தை முன்னே கொண்டுபோன யார்டு கணக்கில் நாம்தான் ரொம்ப மேலே. டிவியில் பேசியவர்கள் எல்லோரும் "இந்த அணியின் சாயம் வெளுத்துவிட்டது" என்கிறார்கள். தரவரிசையிலும் இறக்கிவிட்டார்கள். மகன் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவே இல்லை. சின்ன அணியிடம் திணறினால் மட்டமான அணி என்றுதான் அர்த்தமா? ஜெயித்தது ஜெயித்ததுதானே?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகனுக்கு முதலில் 2022-ம் வருடத்து ஜார்ஜியா கதையைச் சொல்லுங்கள். அக்டோபர் 1, மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா ஊர். ஜார்ஜியா முந்தைய வருட சாம்பியன், அந்த வாரம் நாட்டின் நம்பர் 1. எதிரே இருந்த மிசௌரி அந்த சீசனை 6 வெற்றி, 7 தோல்வி என்று முடித்த அணி. நான்காவது, அதாவது கடைசி குவார்ட்டரில் ஜார்ஜியா 22-12 என்று பின்தங்கி நின்றது, அதுவரை ஒரு டச் டவுன்கூட (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, கூடுதல் உதையோடு ஏழு புள்ளி) இல்லை, எல்லாம் ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, மூன்று புள்ளி). கடைசியில் இரண்டு டச் டவுன் போட்டு 26-22 என்று கரையேறினார்கள். மறுநாள் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள், சாயம் வெளுத்த பேச்சு அன்றைக்கும் இருந்தது. அதே ஜார்ஜியாதான் அப்புறம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் போய், 2023 ஜனவரி 9 அன்று இறுதிப் போட்டியில் டிசியூ அணியை 65-7 என்று நொறுக்கியது.

அந்த மிசௌரி ஆட்டத்தில் ஒரே ஒரு நொடியை மட்டும் பாருங்கள். முதல் பாதியில் மிசௌரியின் கோடி ஷ்ரேடர் பந்தோடு 63 யார்டு ஓடுகிறார். எல்லைக்கோட்டுக்கு இன்னும் ஒரு யார்டு. அங்கே ஜார்ஜியாவின் மலகாய் ஸ்டார்க்ஸ் என்ற முதல் வருடப் பையன் பின்னாலிருந்து துரத்தி வந்து அவரைச் சாய்த்தார். அந்த ஒரு யார்டை மிசௌரியால் தாண்ட முடியவில்லை, ஃபீல்டு கோலோடு திருப்திப்பட்டார்கள். ஏழு கிடைக்க வேண்டிய இடத்தில் மூன்று. கடைசி வித்தியாசம் எத்தனை? நான்கு! ஜார்ஜியா அன்றைக்கு மோசமாக ஆடியது உண்மைதான், இரண்டு ஃபம்பிள் (கையிலிருந்து பந்தை நழுவ விடுவது) வேறு. ஆனால் அவர்களுடைய டிஃபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்கும் ஆட்கள், ஒன்றே ஒன்றைத் தவிர டச் டவுன் கொடுக்கவில்லை, மற்றபடி ஐந்து ஃபீல்டு கோல்தான் கொடுத்தது. அந்த டிஃபென்ஸ்தான் பிறகு சாம்பியன் ஆனது. ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இதோடு நிறுத்தினால் உங்கள் மகன் சந்தோஷப்படுவான், ஆனால் அது முழு உண்மை இல்லை. 2014-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் இருந்தது. அவர்களும் நடப்பு சாம்பியன், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜேமிஸ் வின்ஸ்டன். 13 ஆட்டத்தில் 13 வெற்றி. அதில் ஏழு வெற்றி 6 புள்ளியிலோ அதற்கும் குறைவிலோ வந்தவை. பாஸ்டன் காலேஜை கடைசி நொடிகளில் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 20-17. ஃப்ளோரிடாவோடு வின்ஸ்டன் நான்கு இண்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) கொடுத்தும் 24-19. நாட்டில் தோற்காத பெரிய அணி அவர்கள் மட்டும்தான், ஆனாலும் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் பிளேஆஃப் கமிட்டி அவர்களை மூன்றாவது இடத்தில் வைத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். "அவங்களுக்கு ஜெயிக்கத் தெரியும்" என்று அந்த வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தோம். அரையிறுதியான ரோஸ் பௌலில் ஓரெகன் அவர்களை 59-20 என்று அடித்தது, இரண்டாம் பாதியில் மட்டும் ஐந்து தடவை பந்தைப் பறிகொடுத்தார்கள்.

ஜெயிக்கத் தெரிவது என்று ஒரு தனித் திறமை இருப்பதாக நான் நம்பவில்லை. நல்ல குவார்ட்டர்பேக், நல்ல கிக்கர் இருந்தால் கடைசி நிமிடத்தில் உதவும், மறுக்கவில்லை. ஆனால் வாரா வாரம் மூன்று புள்ளி, நான்கு புள்ளியில் தப்பிப்பவர்கள் ஒரு நாள் தப்பிக்க மாட்டார்கள். அதனால்தான் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்ற உங்கள் வாதத்தை ஏற்க முடியவில்லை. ஒரு தடவை நடந்தால் மன்னித்துவிடுவேன், ஏழு தடவை நடந்தால் அது அந்த அணியின் குணம்.

சரி, உங்கள் மகனின் அணி எந்த ரகம்? ஆட்டம் எப்படி இறுக்கமானது என்பதுதான் கேள்வி. நான்கு தடவை பந்தைக் கோட்டை விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் எத்தனை ஃபம்பிள், எத்தனை இண்டர்செப்ஷன் என்று மகனிடம் கேளுங்கள். ஃபம்பிள் விடுவது கையின் குற்றம், ஆனால் விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அது உருண்டைப் பந்து இல்லையே, இரண்டு பக்கமும் கூர்மையாக இருப்பது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் குவார்ட்டர்பேக் காலை ஊன்றக்கூட நேரமில்லாமல் அவசரத்தில் எறிந்து இண்டர்செப்ஷன் ஆனது என்றால் கவலைப்பட வேண்டும். சின்ன காலேஜின் டிஃபென்ஸ் உங்கள் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது என்றால் பெரிய காலேஜ் என்ன செய்யும்?

இன்னொரு விஷயமும் உண்டு. சில அணிகளோடு ஆடினால் யாருக்கும் ஆட்டம் இறுக்கமாகத்தான் இருக்கும். 2018-ல் ஓக்லஹோமா தன் சொந்த மைதானத்தில் ராணுவ அகாடமி அணியை ஓவர்டைமில் 28-21 என்றுதான் ஜெயித்தது. ராணுவ அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று யார்டு, நான்கு யார்டு என்று ஓடிக்கொண்டே இருக்கும். 60 நிமிட ஆட்டத்தில் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் பந்து அவர்களிடம் இருந்தது, ஓக்லஹோமாவுக்கு மொத்தமே 40 பிளேதான் (பந்தை நகர்த்தும் முயற்சி) கிடைத்தது. அவ்வளவு குறைவான வாய்ப்பில் எந்தப் பெரிய அணியும் ஸ்கோரை விரிக்க முடியாது. அந்த வருடம் ஓக்லஹோமா பிளேஆஃபுக்குப் போனது, அதன் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரே சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார்.

அப்புறம் 2002 ஒஹையோ ஸ்டேட். நான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த முதல் வருடம் அது, ஆட்டம் பாதிதான் புரியும். பர்டூவோடு 6-3 என்று பின்தங்கியிருந்தோம். இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை, நான்காவது டவுன் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), ஒரு யார்டு வேண்டும். அறையில் இருந்த ஐந்து பேரும் ஓடி எடுப்பார்கள் என்றுதான் நினைத்தோம். குவார்ட்டர்பேக் கிரெய்க் கிரென்ஸல் தூக்கி எறிந்தார். 37 யார்டு, மைக்கேல் ஜென்கின்ஸ் கையில், டச் டவுன், 10-6. அந்த ஒரு பந்து தவறியிருந்தால் அந்த சீசனே போயிருக்கும். அந்த வருடம் சின்சினாட்டியோடு 23-19, இலினாய் ஓவர்டைமில் 23-16, மிச்சிகன் 14-9. நான் மேலே சொன்ன கணக்குப்படி அந்த அணி உடைந்திருக்க வேண்டும். ஆனால் தொடர்ந்து 34 ஆட்டம் ஜெயித்து வந்த மயாமியை இரண்டு ஓவர்டைமில் 31-24 என்று சாய்த்துப் பட்டம் வாங்கியது. பயிற்சியாளர் ஜிம் ட்ரெசல் வேண்டுமென்றே டிஃபென்ஸை நம்பி, தப்பு செய்யாமல், ஆட்டத்தைச் சுருக்கி ஆடினார் என்று பிற்பாடு புரிந்துகொண்டேன். இருந்தும் அதில் அதிர்ஷ்டமும் கணிசமாக இருந்தது. எனக்கு மிகப் பிடித்த அணி அது, அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தருவது யார்டு கணக்குதான். பந்தைப் பறிகொடுக்காத மற்ற நேரத்தில் உங்கள் அணி எதிரணியை நன்றாகத் தள்ளியிருக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது. ஆனால் எதிரணிக்கு 24 புள்ளி எங்கிருந்து வந்தது? உங்கள் ஆட்கள் விட்ட பந்தை எடுத்துக் குறுகிய தூரத்தில் போட்டதா, அல்லது 75 யார்டு நடந்து வந்து போட்டதா? முதலாவது என்றால் மகனை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவன் மைதானத்துக்குப் போனால் முதல் பத்து பிளேக்குப் பந்தைப் பார்க்காமல் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று நடுவில் மோதும் தன் அணியின் ஐந்து பேரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது டவுனில் இரண்டு யார்டு வேண்டும் என்கிறபோது அவர்கள் முன்னே போகிறார்களா, பின்னே வருகிறார்களா? அவன் பார்த்ததை அப்படியே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.