முழுநேர ராணுவத்திலிருந்து ரிசர்வுக்கு: அமெரிக்காவில் பிள்ளை சீருடையில் இருக்கும் பெற்றோருக்கு

அமெரிக்க ராணுவத்தில் நான்கு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. பிள்ளை வெளியே வந்து கல்லூரியில் சேரப்போவதாகச் சொல்கிறார். கூடவே ரிசர்வில், அதாவது பகுதிநேர ராணுவப் பிரிவில், சேரும் யோசனையும் இருக்கிறது என்கிறார். "வெளியே வந்தபிறகு மறுபடியும் எதற்கு? போருக்கு அனுப்பிவிட்டால்?" என்ற கவலை வீட்டில் எழுவது இயல்புதான்.

முதலில் அவர் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். முதன்முறையாகச் சேருகிறவர்களுக்கு மொத்தக் கடமைக் காலம் பொதுவாக 8 வருடம். நான்கு வருடம் முழுநேரம் போனால், மீதி நான்கு வருடம் அவர் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் இருந்தே தீரும். எதுவும் செய்யாமல் வெளியே வந்தால் அது ஐஆர்ஆர் என்ற பட்டியல். அதில் மாதப் பயிற்சி கிடையாது, சம்பளம் கிடையாது, மருத்துவக் காப்பீடும் கிடையாது. ஆனாலும் தேவைப்பட்டால் திரும்ப அழைக்கலாம். இராக் போரின்போது ஐஆர்ஆரில் இருந்தவர்களை ஆயிரக்கணக்கில் அழைத்தார்கள். ஆகவே வீட்டில் பேச வேண்டியது, அந்த மிச்ச நான்கு வருடத்தைச் சம்பளமும் சலுகையும் உள்ள ஒரு பிரிவில் கழிப்பதா, வெறும் பட்டியலில் கழிப்பதா என்பதைப் பற்றித்தான்.

போருக்கு அனுப்புவது குறித்த பயத்துக்கு ஒரு நேரடியான வழி இருக்கிறது. தரைப்படையில் முழுநேரப் பணியிலிருந்து நேராக ரிசர்வ் பிரிவுக்கு வருகிறவர்களை இரண்டு வருடம் வரை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. அது ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுத்தில் வர வேண்டும். வாயால் சொன்னதற்கு அங்கே மதிப்பில்லை. போனஸுக்கும் இதே விதிதான்: தொகை, எந்த வேலைப்பிரிவு, எத்தனை வருடம், இடையில் பிரிவு மாறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பது அத்தனையும் தாளில் இருக்கட்டும்.

ரிசர்வா, நேஷனல் கார்டா என்பது அடுத்தது. ரிசர்வ் முழுக்க மத்திய அரசின் கீழ். கார்டு மாநில ஆளுநரின் கீழும் வரும். வெள்ளம், புயல், காட்டுத்தீ என்றால் உள்ளூரிலேயே அழைப்பு வரும். அதற்கு ஈடாகப் பல மாநிலங்கள் தங்கள் கார்டு வீரர்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பங்கையோ முழுவதையுமோ தள்ளுபடி செய்கின்றன. படிக்கப்போகும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். கல்லூரி எந்த மாநிலம் என்று முடிவான பிறகு கார்டைப் பற்றி முடிவெடுப்பதே நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம் என்பது பொதுக் கணக்கு. ஒரு வார இறுதியை நான்கு ட்ரில்லாக, அதாவது நான்கு பயிற்சி வேளைகளாகக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு ட்ரில்லுக்கும் மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு. அடிப்படைச் சம்பளம் 3,000 டாலர் என்றால் ஒரு வார இறுதிக்கு 400 டாலர், அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முன். முழுநேரத்தில் வந்துகொண்டிருந்த வீட்டுவாடகைப் படி ட்ரில் நாட்களுக்குக் கிடையாது. பிரிவு இருக்கும் ஊர் கல்லூரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம் என்றால், பெட்ரோலும் தங்கும் செலவும் அதில் பாதியைத் தின்றுவிடும். தூரத்தைப் பார்க்காமல் பிரிவைத் தேர்ந்தெடுப்பதுதான் இளைஞர்கள் அதிகம் செய்யும் தவறு.

உண்மையான லாபம் மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறது. அது கைநழுவிப் போவதும் இந்த மாற்றத்தின் இடைவெளியில்தான். முழுநேரப் பணியிலிருந்து விலகும் நாளுக்கு அடுத்த நாளே ரிசர்வ் அல்லது கார்டு பிரிவில் உறுப்பினராகச் சேர ஒப்புக்கொண்டவருக்கு 180 நாட்கள் டிரைகேர் என்ற ராணுவ மருத்துவக் காப்பீடு கட்டணமின்றித் தொடரும். அதன்பின் டிரைகேர் ரிசர்வ் செலக்ட் என்ற திட்டத்தில் மாதக் கட்டணம் செலுத்திச் சேரலாம். வெளிச்சந்தைக் காப்பீட்டோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு. "ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டுச் சேருகிறேன்" என்று பிள்ளை சொன்னால், அந்த ஒரு மாதத்தில் இந்த 180 நாள் உரிமை போய்விடும். ஒரே ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் இதே கதிதான். 180 நாள் முடிகிற தேதியையும் காலண்டரில் குறித்துவைத்து, அதற்குள் ரிசர்வ் செலக்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது தானாக மாறாது.

ஆகவே நாட்கணக்கு முக்கியம். விலகும் தேதிக்கு 365 நாட்களுக்கு முன்பே மாற்றத்துக்கான ஆலோசனை தொடங்கியாக வேண்டும் என்பது சட்டம். தரைப்படையில், முகாமுக்குள்ளேயே இருக்கும் ரிசர்வ் காம்போனன்ட் கேரியர் கவுன்சிலரைத்தான் பார்க்க வேண்டும். அவர் வழியாகப் போனால் சீருடையில் இருக்கும்போதே புதுப் பிரிவில் இடம் உறுதியாகிவிடும். வெளியே வந்தபின் ஆட்சேர்ப்பு அலுவலகம் போனால் மருத்துவப் பரிசோதனை உட்படப் பல படிகளை மறுபடி ஏற வேண்டியிருக்கும். விமானப்படையில் ஒப்பந்தம் முடிந்து மாறுவதற்குப் பேலஸ் ஃப்ரண்ட் என்றும், முடிவதற்கு முன்பே மாறுவதற்குப் பேலஸ் சேஸ் என்றும் பெயர். பேலஸ் சேஸில் மிச்சமிருக்கும் காலத்தைவிடக் கூடுதலான காலத்தை ரிசர்விலோ கார்டிலோ தர வேண்டும்.

பிள்ளை அதிகாரியாக இருந்தால் இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள். அதிகாரியின் நியமனத்தை ரிசர்வ் பட்டியலுக்கு மாற்றும் 'ஸ்க்ரோல்' மேலிடத்துக் கையெழுத்துக்குப் போகும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும், அது வராமல் பிரிவில் சேர முடியாது.

கல்லூரிக்கு வருவோம். 36 மாதத்துக்கு மேல் முழுநேரப் பணி செய்தவருக்கு, தகுதியான விடுவிப்பு இருந்தால், 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் என்ற கல்வி உதவி முழு அளவில் கிடைக்கும். ரிசர்வில் இருந்துகொண்டே அதைப் பயன்படுத்தலாம். கூடவே வரும் மாத வீட்டுப்படி கல்லூரி வளாகம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. எல்லா வகுப்பையும் ஆன்லைனில் எடுத்தால் தேசிய சராசரியில் பாதிதான் தருவார்கள். ஒரு பாடமாவது நேரில் போய்ப் படிப்பது லாபம்.

ட்ரில் நாளும் தேர்வு நாளும் மோதும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். வருட அட்டவணை கையில் வந்ததும் மோதும் வார இறுதிகளைப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்தால் வேறு நாளில் ஈடுசெய்ய விடுவார்கள். சொல்லாமல் தவறினால் ஒரு வார இறுதிக்கு நான்கு ட்ரில் தவறியதாகக் கணக்கு. தரைப்படையில் பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது ட்ரில் அனுமதியின்றித் தவறினால் ஒழுங்காகப் பங்கேற்காதவர் என்று பதிவாகும். இரண்டு வார இறுதியைச் சும்மா விட்டாலே எட்டு ஆகிவிட்டது!

இது குடியுரிமையையும் தொடலாம். ராணுவச் சேவையின் அடிப்படையில் குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்து வருடம் நற்சேவை முடிப்பதற்குள் கண்ணியமற்ற முறையில் விடுவிக்கப்பட்டால் அந்தக் குடியுரிமை ரத்தாகும் வாய்ப்பு சட்டத்தில் இருக்கிறது. நான்கு வருடத்தில் வெளியே வந்து ரிசர்வில் அலட்சியமாக இருக்கும் பிள்ளையின் பெற்றோர் இதை உறைக்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போனபின் பாதுகாப்பு யூசெரா என்ற 1994-ஆம் வருடச் சட்டம். ட்ரில்லுக்கோ நீண்ட பணிக்கோ போனவரை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தில் இப்படிப் போகும் காலம் பொதுவாக மொத்தம் ஐந்து வருடம் வரை. 30 நாளுக்குள் என்றால் வீடு திரும்பி எட்டு மணி நேர ஓய்வுக்குப்பின் வரும் அடுத்த ஷிஃப்டுக்குப் போக வேண்டும். 31 முதல் 180 நாள் என்றால் 14 நாளுக்குள்ளும், அதற்கும் மேல் என்றால் 90 நாளுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். போவதற்கு முன் தகவல் சொன்னதற்கு ஒரு மின்னஞ்சலாவது ஆதாரமாக இருக்கட்டும்.

முதுகுவலி, காது இரைச்சல் போன்றவற்றுக்கு விஏ எனப்படும் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையிடம் இழப்பீடு கேட்பதாக இருந்தால், விலகும் தேதிக்கு 180 முதல் 90 நாட்களுக்கு முன் விண்ணப்பிப்பது சிறந்தது. ஒரே நாளுக்கு ட்ரில் சம்பளமும் விஏ இழப்பீடும் சேர்த்து வாங்க முடியாது. இரண்டில் எதை விடுவது என்று 21-8951 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இரண்டையும் வாங்கினால், பிறகு விஏ பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக டிடி 214. விலகும் நாளில் கையில் தரும் இந்தச் சான்றைக் கையெழுத்திடுவதற்கு முன் வரிவரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். 6-ஆம் கட்டத்தில் ரிசர்வ் கடமை முடியும் தேதி, 9-இல் எந்தப் பிரிவுக்கு மாற்றம், 24-இல் சேவையின் தன்மை, 27-இல் மறுசேர்க்கைக் குறியீடு. 9-ஆம் கட்டத்தில் புதுப் பிரிவுக்குப் பதில் ஐஆர்ஆர் என்று இருந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தச் சொல்ல வேண்டும். பிறகு திருத்துவதென்றால் டிடி 215 என்ற தனி ஆவணம் வர வேண்டும், அதற்குள் கல்லூரி சேர்க்கைக் காலமே போய்விடலாம். 'மெம்பர் 4' என்று குறித்த பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சுருக்கப் பிரதியில் 24-ஆம் கட்ட விவரம் இருக்காது என்பதால், ஜிஐ பில்லுக்கோ அரசு வேலைக்கோ அது பயன்படாது.