நாய்க்கும் பூனைக்கும் போடும் தீனி: பூமிக்கு எவ்வளவு பாரம்? கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் ரொம்ப வருஷமாகக் கால்நடை வைத்தியம் பார்க்கிறேன். தீனியைப் பற்றியும் அதனால் வரும் கார்பன் பாரத்தை, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கைப் பற்றியும் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது. நம்மூர்க் குழம்பில் இவை இரண்டும் இல்லாமல் இருக்காது என்பதால் இதை மறுபடி மறுபடி சொல்வேன்.

காரைக்குடி: நாய் வளர்ப்பதே சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று படித்தேன். உண்மையா டாக்டர்?

நீங்கள் படித்தது பெரும்பாலும் 2017இல் வந்த அமெரிக்க ஆய்வாக இருக்கும். அந்த நாட்டில் கால்நடை உற்பத்தியால் நிலம், நீர், எரிபொருள் ஆகியவற்றின் மேல் விழும் பாரத்தில் 25 முதல் 30 சதவீதம் நாய், பூனைத் தீனியால் வருகிறது என்றது அந்தக் கணக்கு. அங்கே பேக்கெட்டிலும் டின்னிலும் இறைச்சியைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். கேழ்வரகுக் கஞ்சியும் மோரும் குடித்து வளரும் நம்மூர் நாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் இங்கேயும் பழக்கம் மாறி வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். தினமும் அரைக்கிலோ ஆட்டுக்கறி வாங்கிப் போடுகிறவர்கள் வருகிறார்கள். ஆடு, மாடு அசைபோடும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது, கோழிக்கு அது இல்லை. அதனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் ஆட்டுக்கறியின் பாரம் கோழிக்கறியைப் போலப் பல மடங்கு. ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறினாலே பெரும்பகுதி குறைந்துவிடும்.

பள்ளத்தூர்: டின்னில் வரும் ஈரத் தீனி நல்லதா, உலர்ந்த தீனியா?

பாரத்தை மட்டும் பார்த்தால் உலர்ந்தது. பிரேசிலில் 2022இல் போட்ட கணக்கின்படி பத்துக் கிலோ நாய் உலர் தீனி தின்றால் வருஷத்துக்குச் சுமார் 828 கிலோ கார்பன், ஈரத் தீனி தின்றால் சுமார் 6,541 கிலோ. ஈரத் தீனியில் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு இறைச்சியிலிருந்து வருவதுதான் காரணம். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு ஈரத் தீனிதான் சொல்வோம், அங்கே இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

தேவகோட்டை: நாங்கள் சைவம். பூனைக்குப் பாலும் பருப்புச் சோறும்தான். பூமிக்கும் நல்லதுதானே தம்பி?

இல்லை ஆச்சி. பூனை கறி தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்று ஒரு சத்து, அதைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானாகச் செய்துகொள்ளாது, கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் தெளிவாகத் தெரிந்தது, அதுவரை எத்தனையோ பூனைகள் காரணம் தெரியாமலே செத்துப்போயின. கேரட்டில் இருப்பதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளவும் பூனையால் முடியாது. வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பாலும் செரிக்காது, வயிற்றால் போகும்.

வீட்டில் கறி சமைக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. பூனைக்கென்று முழுச் சத்தோடு வரும் உலர் தீனியை வாங்கி முற்றத்து ஓரத்தில் தனித் தட்டில் வையுங்கள். மீன் வேகவைத்துத் தர பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் மத்தி நல்லது. சின்ன மீன், பெரிய மீனைவிடப் பாரம் குறைவு. மீனைப் பச்சையாகப் போடக் கூடாது, பல மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். வெந்த தண்ணீரில் டாரின் இறங்கியிருக்கும், அதைக் கொட்டாமல் சேர்த்தே வையுங்கள். தொண்டிக் கருவாடு வேண்டாம், உப்பு.

புதுவயல்: அரிசிக்குப் பதில் கேழ்வரகு போட்டால் கார்பன் குறையுமா?

கொஞ்சம் குறையும். தண்ணீர் நிற்கும் நெல் வயலின் சேற்றில் மீத்தேன் உண்டாகிறது, கேழ்வரகு புன்செய்ப் பயிர். ஆனால் தட்டில் இருக்கும் கறியின் பாரத்துக்கு முன்னால் இது சிறிய தொகை.

கானாடுகாத்தான்: நான் கறிக்கடைக் கழிவைத்தான் போடுகிறேன். கழிவுக்கு ஏது கார்பன்? அது எப்படியும் குப்பைக்குப் போவதுதானே?

அண்ணே, எந்தக் கடைக் கழிவு? ஆட்டுக் கடையில் தலை, கால், குடல், ஈரல், மூளை, ரத்தம் எல்லாமே நம்மூர் அடுப்புக்குப் போகிறது. அங்கே மிச்சம் என்று ஒன்றும் கிடையாது. நீங்கள் நாய்க்கு வாங்கும் குடல் இன்னொரு வீட்டில் குழம்பாகியிருக்கும், அந்த வீட்டுக்காரர் வேறு கறி வாங்குவார். வெளிநாட்டில் உறுப்பு இறைச்சியை ஆள் தின்னாததால் அங்கே செல்லுபடியாகிற வாதம் செட்டிநாட்டில் செல்லாது.

மறுபடி கானாடுகாத்தான்: நான் சொல்வது கோழிக்கடை. கழுத்தும் காலும் தோலும் கண்மாய்க் கரையில் கொட்டி நாறுகிறது.

அப்படியென்றால் உங்கள் பக்கம்தான் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். கொட்டினால் அது காற்றுப் படாமல் அழுகி மீத்தேனாகும், தெருநாய்க் கூட்டமும் சேரும். கழுத்தையும் காலையும் நன்றாக வேகவைத்துச் சதையை மட்டும் உருவிப் போடுங்கள். வெந்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கோட்டையூர்: கோழியின் காலுக்கும் கார்பனில் பங்கு உண்டு டாக்டர், கோழி முழுசாகத்தானே வளர்ந்தது?

சரியான கேள்வி, அறிஞர்களும் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். எடைப்படி பிரித்தால் கிலோவுக்குக் கிலோ காலுக்கும் நெஞ்சுக்கறிக்கும் ஒரே பங்கு. விலைப்படி பிரித்தால் காலுக்கு மிகச் சிறிய பங்கு, ஏனென்றால் யாரும் காலுக்காகக் கோழி வளர்ப்பதில்லை. எனக்கு விலைப்படி பிரிப்பதே சரியாகப் படுகிறது. நாளைக்கே கோழிக்காலுக்குக் கிராக்கி வந்து விலை ஏறினால் அதன் பங்கும் ஏறும். நீங்கள் இருவரும் வெவ்வேறு கணக்கைப் பேசுகிறீர்கள், இரண்டிலும் பிழையில்லை. ஆனால் எந்தக் கணக்கிலும் அந்தக் கழுத்துக்குப் புதிதாக வாங்கும் ஆட்டுக்கறியைவிடப் பாரம் குறைவு.

கண்டனூர்: கோழிக்கறியைக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடலாமா?

கூடாது. வெங்காயச் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும். நாய்க்கு எடுத்து வைத்துவிட்டு அப்புறம் தாளியுங்கள்.

காரைக்குடி: நாயைச் சைவமாக வளர்க்கலாமா?

நாய் வேறு, பூனை வேறு. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிடப் பல மடங்கு கூடியிருக்கின்றன, 2013இல் கண்டறிந்தார்கள். சத்துக் கணக்குப் பார்த்துச் செய்த சைவத் தீனியில் வளர்ந்த நாய் நன்றாக இருக்கலாம். வெறும் சாம்பார் சாதம் அந்தக் கணக்கில் வராது, அதில் வெங்காயமும் இருக்கிறது. முட்டை சேர்ப்பீர்கள் என்றால் வேலை பாதி சுலபம்.

அரியக்குடி: பூனையைச் சைவமாக...

மேலே ஆச்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

செக்காலை: புழுவில் செய்த தீனி வருகிறதாமே?

ஆமாம், ஒருவகை ஈயின் புழு. காய்கறிக் கழிவில் வளரும், இடமும் தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும். நாய்க்கு நல்ல புரதம். வாங்கினால் அட்டையில் முழுச் சத்துத் தீனி என்று இருக்கிறதா பாருங்கள்.

தேவகோட்டை: எங்கள் லாப்ரடார் எவ்வளவு போட்டாலும் தின்கிறது. அதற்கு எது பாரம் குறைந்த தீனி?

குறைவாகப் போடுவதுதான். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்த ஆய்வு 2002இல் வந்தது. கால்பங்கு குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தன, மூட்டுவலியும் தள்ளியே வந்தது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். காப்பியோடு போடும் பிஸ்கட்டையும் கணக்கில் சேருங்கள். இதற்குச் செலவு இல்லை, நாய்க்கும் நல்லது, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி வேறு இல்லை.

குன்றக்குடி: தெருநாய் கடித்துவிட்டது, என்ன தீனி...

தீனியை விடுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு இப்போதே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள்.

பள்ளத்தூர்: முந்தாநாள் விருந்தில் மிஞ்சிய சுக்காவைப் போட்டேன். இன்று நாய் சோர்ந்து கிடக்கிறது, சிறுநீர் காப்பி நிறம்.

வெங்காயத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன தம்பி, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஈறைத் தூக்கிப் பாருங்கள், வெளுத்திருக்கும். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், பால் ஊற்ற வேண்டாம். வண்டியில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மற்ற கேள்விகள் அதுவரை இருக்கட்டும்.