கட்சிச் செயலாளர் இருந்தால் அது அரசு கம்பெனியா?

சீனாவின் ஷென்ஜென் நகரில் நீங்கள் மோட்டார் வாங்கப்போகும் தனியார் கம்பெனியில் ஒருவர் 'கட்சிச் செயலாளர்' என்று கார்டு கொடுத்தார், இது அரசு கம்பெனியோ என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஓர் இடத்தில் கட்சி உறுப்பினர்கள் மூன்று பேர் வேலை பார்த்தாலே அங்கே கட்சிக் கிளை அமைக்க வேண்டும் என்பது சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் விதி. 2002-இல் முதலாளிகளுக்கும் கட்சி கதவைத் திறந்துவிட்டது. அலிபாபா என்ற பெரிய இணைய வணிக நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் மாவே உறுப்பினர்தான்.

பார்க்க வேண்டியது பங்குதாரர் பட்டியல். கம்பெனியின் தொழில் உரிமத்தில் 18 இடங்கள் கொண்ட பதிவெண் இருக்கும். அதைச் சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் போடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் சீனப் பெயரில்தான் தேட வேண்டும். எண்ணின் மூன்றாம் இடத்திலிருந்து 4403 என்று வந்தால் ஷென்ஜென் பதிவு. பங்குதாரர் இன்னொரு கம்பெனியா? அதையும் தேடி, கடைசி ஆள் வரை போங்கள். சின்னப் பங்கு என்று விட்டுவிடாதீர்கள். 2021-இல், டிக்டாக்கை உருவாக்கிய பைட்டான்ஸின் பெய்ஜிங் துணை நிறுவனத்தில் அரசு சார்பு அமைப்பு வாங்கியது 1 சதவீதம்தான். கூடவே இயக்குநர் குழுவில் ஓர் இடமும் கிடைத்தது.

ஒப்பந்தத்தில் வெறும் கையெழுத்தை நம்பாதீர்கள், வட்டமான சிவப்பு முத்திரை கேளுங்கள். அதிலுள்ள சீனப் பெயர் உரிமத்தோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும்.